சனி ஞாயிறில் பிராக்: எதை எப்போது பார்ப்பது

முதல் தடவை பிராக் போனபோது, சனிக்கிழமை காலை பத்து மணிக்கு யூதர்களின் பழைய இடுகாட்டு வாசலில் போய் நின்றேன். கதவு பூட்டியிருந்தது. சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வுநாள் என்பது எனக்குத் தெரியும், யோசிக்கவில்லை, அவ்வளவுதான். சரி, கோட்டையையாவது ஒழுங்காகப் பார்ப்போம் என்று மறுநாள் ஞாயிறு காலையில் மேலே ஏறினால், பேராலயத்தில் திருப்பலி நடந்துகொண்டிருந்தது. மதியம் பன்னிரண்டு மணிக்கு மேல்தான் சுற்றிப் பார்க்க விடுவோம் என்றார்கள். என் ரயில் பன்னிரண்டரைக்கு. ஊரின் இரண்டு முக்கியமான இடங்களையும் வெளியே நின்று பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

அதனால் இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைக்க வேண்டுமென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: சனிக்கிழமை கோட்டை, ஞாயிற்றுக்கிழமை யூதர் பகுதி. மாற்றிப் போட்டால் இரண்டும் கெட்டுவிடும். மற்ற எல்லாவற்றையும் இந்த இரண்டுக்கு நடுவில் செருகிக்கொள்ளலாம்.

கிளம்புவதற்கு முன்

பிராக் இருக்கும் செக் குடியரசு ஷெங்கன் நாடு, அதாவது ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளில் ஒன்று. ஜெர்மனி, பிரான்ஸ், சுவிட்சர்லாந்து போன்ற நாடுகளில் வசிப்பவர்களுக்கு அங்குள்ள குடியிருப்பு அட்டையும் பாஸ்போர்ட்டும் போதும். எல்லையில் யாரும் கேட்காவிட்டாலும் இரண்டையும் கையில் வைத்திருங்கள். ரயிலில் போலீஸ் ஏறிப் பார்ப்பது உண்டு. லண்டனில் இருந்து இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டில் வருபவர்களுக்கு ஷெங்கன் விசா கட்டாயம். பிரிட்டன் விசா இருக்கிறதே என்று டிக்கெட் போட்டுவிட்டு விமான நிலையத்தில் முழித்தவர்கள் உண்டு.

ரயில் என்றால் டிரெஸ்டனில் இருந்து இரண்டரை மணி நேரத்துக்குள், வியன்னாவில் இருந்தும் பெர்லினில் இருந்தும் சுமார் நான்கு மணி நேரத்தில் வந்துவிடலாம். பெர்லின், டிரெஸ்டன் வழியாக வருபவர்கள் இடப்பக்க ஜன்னலாகப் பார்த்து முன்பதிவு செய்யுங்கள். டிரெஸ்டனைத் தாண்டியதும் எல்பே ஆறு கூடவே வரும். மணற்பாறைக் குன்றுகள், ஆற்றோர ஊர்கள் என்று ஒரு மணி நேரம் போவதே தெரியாது.

தங்குவதற்குப் பழைய நகரத்தின் நடுவிலேயே இடம் பிடிக்க வேண்டும் என்று ஆசைப்படாதீர்கள். வெள்ளி, சனி இரவுகளில் அங்கே குடித்துவிட்டுப் பாடுகிற கூட்டம் விடியும்வரை தெருவில் இருக்கும். வினோஹ்ராடி, கார்லின், ஹோலெஷோவிட்சே பக்கம் டிராம் நிறுத்தத்துக்கு அருகில் எடுத்தால் தூக்கமும் கிடைக்கும், காசும் மிஞ்சும்.

செருப்பைப் பற்றி ஒரு வார்த்தை. ஊர் முழுக்கக் கருங்கல் பாவிய தெருக்கள். மழை பெய்தால் வழுக்கும். தட்டையான, பிடிப்புள்ள, பழகிய காலணி போட்டுக்கொள்ளுங்கள். புதுச் செருப்பை இந்த ஊரில் திறப்புவிழா செய்ய வேண்டாம்.

காசு விஷயம்

இங்கே யூரோ கிடையாது. கொருனாதான். ஒரு யூரோவுக்குச் சுமார் 24, 25 கொருனா என்று மனக்கணக்கு வைத்துக்கொண்டால் போதும். கடை, டிராம், அருங்காட்சியகம் எல்லா இடத்திலும் வங்கி அட்டை செல்லும். பொதுக் கழிப்பறைக்கும் சின்னக் கடைகளுக்கும் மட்டும் கொஞ்சம் சில்லறை வேண்டும்.

அட்டை இயந்திரமோ ஏடிஎம்மோ, 'உங்கள் நாட்டுப் பணத்தில் கழிக்கட்டுமா?' என்று பரிவாகக் கேட்கும். வேண்டாம் என்று சொல்லி கொருனாவையே தேர்ந்தெடுங்கள். அந்தப் பரிவுக்கு நல்ல விலை வைத்திருப்பார்கள்.

நாணயமாற்றுக் கடைகளில் 'கமிஷன் இல்லை' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். கமிஷன் இல்லைதான், விகிதத்திலேயே உருவிவிடுவார்கள். பழைய நகரச் சதுக்கத்துக்கு அருகில் ஒரு கடையில் எனக்கு அப்படி நடந்தது. ஐம்பது யூரோ கொடுத்தேன். ரசீதைப் பார்த்த பிறகுதான் ஒரு நல்ல சாப்பாட்டுக் காசு போயிருப்பது தெரிந்தது. இப்போது அதற்கு ஒரு மருந்து இருக்கிறது. 2019 முதல் அமலில் உள்ள சட்டப்படி, மாற்றிய மூன்று மணி நேரத்துக்குள் ரசீதோடு திரும்பிப் போனால், 1,000 யூரோ வரையிலான மாற்றத்தை ரத்து செய்து பணத்தைத் திரும்பக் கேட்கலாம். தெருவில் நின்று 'மாற்றணுமா?' என்று கேட்கும் ஆளிடம் மட்டும் எந்தச் சட்டமும் உதவாது. அவர் நீட்டுவது வேறு ஏதோ நாட்டின் செல்லாத நோட்டாக இருக்கும்.

வெள்ளி மாலை: வந்து இறங்கியதும்

விமானத்தில் வந்தால், வாசலிலேயே 59ஆம் எண் டிராலிபஸ் நிற்கும். கடைசி நிறுத்தமான நாட்ராஜி வெலெஸ்லாவினில் இறங்கினால் பச்சை நிற மெட்ரோ. அது பழைய நகரத்துக்கு நேராகப் போகும். டாக்சிக்காரர்களைத் தேடிப்போக வேண்டிய அவசியமே இல்லை.

டிக்கெட் நேரக் கணக்கில் விற்கிறார்கள்: 30 நிமிடம், 90 நிமிடம், 24 மணி, 72 மணி. ஒரே டிக்கெட்டில் மெட்ரோ, டிராம், பஸ் எதில் வேண்டுமானாலும் மாறலாம். வார இறுதிக்கு 72 மணி டிக்கெட் எடுத்துவிட்டால் தலைவலி இல்லை. காகித டிக்கெட் வாங்கினால் அதை மெட்ரோ நுழைவிலோ வண்டிக்குள்ளோ இருக்கும் சிறு பெட்டியில் நுழைத்து முத்திரை குத்த வேண்டும். முதல் பயணத்தில் ஒரு தடவை, அவ்வளவுதான். குத்தாத டிக்கெட் டிக்கெட்டே இல்லை. மெட்ரோவில் நம் ஊர் மாதிரி தடுப்புக் கதவு எதுவும் கிடையாது என்பதால் பலர் மறந்துவிடுகிறார்கள். சாதாரண உடையில் வரும் பரிசோதகர், 'நான் ஊருக்குப் புதுசு' என்ற கதையை அன்றைக்கே பத்துப் பேரிடம் கேட்டிருப்பார்.

மெட்ரோ எஸ்கலேட்டர்கள் நீளம், வேகமும் கூட. குழந்தையின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். வலப்பக்கம் நின்று இடப்பக்கம் வழிவிடுங்கள். நாமெஸ்டி மீரு நிலையத்து எஸ்கலேட்டர் மட்டும் 87 மீட்டர். சும்மா ஏறி இறங்கவே குழந்தைகள் கேட்பார்கள்.

பெட்டியை அறையில் போட்டுவிட்டு அன்றிரவு எங்கும் நுழைய வேண்டாம். ஆற்றங்கரைக்குப் போய் எதிரே விளக்கொளியில் நிற்கும் கோட்டையைப் பாருங்கள். நாளை ஏற வேண்டிய உயரம் எவ்வளவு என்பதும் தெரிந்துவிடும். அப்புறம் சீக்கிரம் படுங்கள்.

சனி விடியற்காலை: பாலம்

சார்லஸ் பாலத்தைப் பகல் பதினொரு மணிக்குப் பார்ப்பதும் தீபாவளிக்கு முந்தைய நாள் ரங்கநாதன் தெருவில் நடப்பதும் ஒன்று. விடியும்போது போங்கள். ஆற்றில் மூடுபனி இருந்தால் யோகம்.

516 மீட்டர் நீளம், 30 சிலைத் தொகுதிகள். நான்காம் சார்லஸ் மன்னர் 1357ஆம் ஆண்டு, 9ஆம் தேதி, 7ஆம் மாதம், காலை 5 மணி 31 நிமிடத்துக்கு அடிக்கல் நாட்டினார் என்று சொல்வார்கள். எண்களை வரிசையாக எழுதிப் பாருங்கள்: 1, 3, 5, 7, 9, 7, 5, 3, 1. ஒற்றைப்படையில் ஏறி ஒற்றைப்படையில் இறங்குகிறது. நல்ல நேரம் பார்ப்பதில் நாம் தனியாள் இல்லை. சாந்து கெட்டிப்பட நாடெங்கிலும் இருந்து முட்டை வரவழைத்தார்கள் என்றும், வெல்வரி ஊர்க்காரர்கள் வழியில் உடையாமல் இருக்க முட்டையை அவித்து அனுப்பிவிட்டார்கள் என்றும் ஒரு கதை இருக்கிறது. செட்டிநாட்டு வீடுகளின் முட்டை வெள்ளைக்கருப் பூச்சைத் தடவிப் பார்த்தவர்களுக்கு இதில் பாதியாவது நம்பத் தோன்றும்.

பழைய நகரப் பக்கமிருந்து நடந்தால் வலப்பக்கம் எட்டாவதாக ஒரு வெண்கலச் சிலை. 1683இல் வைத்தது. நெபோமுக் ஊர் ஜான் என்ற குருவானவர். 1393இல் மன்னன் நான்காம் வென்செஸ்லாஸின் ஆணைப்படி இந்தப் பாலத்திலிருந்து ஆற்றில் வீசப்பட்டவர். அரசி பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதை மன்னனிடம் சொல்ல மறுத்ததால் என்பது பக்தர்கள் சொல்லும் காரணம். திருச்சபைக்கும் அரசனுக்கும் நடந்த அதிகாரச் சண்டையில் மாட்டிக்கொண்டார் என்பது வரலாற்றாசிரியர்கள் சொல்வது. சிலையின் பீடத்தில் இரண்டு வெண்கலப் பலகைகள். பலகை முழுவதும் கறுத்துக் கிடக்க, குப்புற விழும் குருவானவரும் இன்னொன்றில் வீரன் தடவிக்கொடுக்கும் நாயும் மட்டும் தங்கமாக மின்னுகின்றன. அத்தனை கைகள் பட்டிருக்கின்றன. பகலில் இதைத் தொட வரிசை நிற்கும். விடியலில் நீங்களும் நாயும் மட்டும்தான்.

சனி காலை: கோட்டை

பாலத்தைக் கடந்து மாலோஸ்ட்ரான்ஸ்கா நிறுத்தத்தில் 22ஆம் எண் டிராம் ஏறுங்கள். 'பிராஜ்ஸ்கி ஹ்ராட்' என்ற நிறுத்தத்தில் இறங்கினால் ஏற்றமே இல்லாமல் கோட்டையின் வடக்கு வாசல். பலர் கீழிருந்து படியேறி, மேலே வரும்போதே களைத்துப்போகிறார்கள். படிகளை இறங்குவதற்கு வைத்துக்கொள்ளலாம்.

வாசலில் பையைச் சோதித்தாலும் சோதிப்பார்கள். வளாகத்துக்குள் நடக்கக் கட்டணம் இல்லை. கட்டடங்களுக்குள் நுழையத்தான் டிக்கெட். ஒன்பது மணிக்குத் திறக்கும்போது நேராகப் பேராலயத்துக்குப் போய்விடுங்கள். பத்தரைக்குப் பிறகு வாசல் வரிசை முற்றத்தைச் சுற்றும்.

புனித விட்டஸ் பேராலயத்தை 1344இல் தொடங்கி 1929இல் முடித்தார்கள். 585 வருடம். உள்ளே எல்லாரும் ஓவியர் முச்சாவின் வண்ணக் கண்ணாடி ஜன்னலுக்கு முன் கூடுவார்கள், அழகுதான். ஆனால் கொஞ்சம் தள்ளிப் போய் வென்செஸ்லாஸ் சிற்றாலயத்தைப் பாருங்கள். சுவர் முழுக்கப் பதித்த ரத்தினக் கற்கள். அரச கிரீடம் இருக்கும் அறைக்கு ஏழு பூட்டுகள். ஏழு சாவிகளும் குடியரசுத் தலைவர், பிரதமர், பேராயர் என்று ஏழு பேரிடம். ஏழு பேரும் சேர்ந்து வந்தால்தான் திறக்கும். பாலத்தில் பார்த்த ஜானின் கல்லறையும் இங்கேதான், முழுக்க வெள்ளியில்.

அடுத்து பழைய அரண்மனை. பெரிய மண்டபத்துக்குள் குதிரையோடு வந்து ஈட்டிப் போட்டி நடத்தியிருக்கிறார்கள். குதிரை ஏறுவதற்கென்றே ஒரு அகலப் படிக்கட்டு இருக்கிறது. பக்கத்து அறை ஜன்னலிலிருந்துதான் 1618 மே 23 அன்று, அரசரின் இரண்டு ஆளுநர்களையும் ஒரு எழுத்தரையும் புராட்டஸ்டன்ட் பிரபுக்கள் வெளியே தூக்கிப் போட்டார்கள். மூவருமே பிழைத்துக்கொண்டார்கள். மாதா தாங்கினாள் என்றது ஒரு கட்சி, குப்பைமேடு தாங்கியது என்றது மறு கட்சி. அதிலிருந்து மூண்ட சண்டை முப்பது வருடம் ஐரோப்பாவை எரித்தது. எட்டிப் பார்த்தால் உயரம் வயிற்றைக் கலக்கும்.

கோல்டன் லேன் எனப்படும் குட்டி வீடுகள் வரிசையில் 22ஆம் எண்ணில் எழுத்தாளர் காஃப்கா கொஞ்ச காலம் எழுதியிருக்கிறார். கூட்டம் அதிகம், வீடு தீப்பெட்டி அளவு. பத்து நிமிடம் போதும். மதியம் பன்னிரண்டுக்கு முதல் முற்றத்தில் காவலர் மாற்றம், இசைக்குழுவோடு. பிடித்தால் பாருங்கள், நான் அந்த நேரத்தில் சாப்பிடப் போய்விடுவேன். கிழக்கு வாசல் வழியாகப் படி இறங்கினால் கீழே செந்நிற ஓட்டுக்கூரைகள் ஊர் முழுக்கத் தெரியும்.

சாப்பாடு

சைவக்காரர்கள் முதலில் கற்க வேண்டிய செக் சொல் 'மாசோ'. நம் மாமிசத்துக்குத் தூரத்துச் சொந்தம். சமஸ்கிருதமும் செக்கும் ஒரே மொழிக் குடும்பம். 'பெஸ் மாசா' என்றால் மாமிசம் இல்லாமல். ஆனால் அதற்குள் சின்னதாக நறுக்கிய 'ஷுன்கா' வந்துவிடும். அது பன்றி. அதையும் சேர்த்தே கேளுங்கள். 'ஹோவியெசீ' மாடு, 'குர்ஷே' கோழி. ஊரே கொண்டாடும் ஸ்விச்கோவா என்ற பாலேட்டுக் குழம்பில் இருப்பது மாட்டிறைச்சி. குலாஷும் பெரும்பாலும் அதுவே.

சைவத்தில் நம்பி வாங்கக்கூடியது 'ஸ்மாஜெனி சீர்': ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த பாலாடைக்கட்டித் துண்டு, உருளைக்கிழங்கோடு. சூட்டோடு வெட்டினால் உள்ளே உருகி வழியும், ஆறினால் ரப்பர். பழம் வைத்த கொழுக்கட்டை ஒன்று உண்டு, 'ஒவோட்ஸ்னே க்னெட்லிகி'. மேலே துருவிய தயிர்க்கட்டியும் வெண்ணெயும். பெயரைப் பார்த்து இனிப்புப் பலகாரம் என்று நினைக்க வேண்டாம், அதையே சாப்பாடாகச் சாப்பிடுவார்கள். தெருவெங்கும் சுடப்படும் த்ருடெல்னிக் என்ற உருளை இனிப்பைப் 'பழைய பிராக் பாரம்பரியம்' என்று விற்கிறார்கள். உள்ளூர்க்காரர்களைக் கேட்டால் சிரிப்பார்கள். சர்க்கரை, பட்டைத்தூள், சூடு. குளிருக்கு நன்றாகத்தான் இருக்கிறது.

பணம் கொடுக்கும்போது மொத்தத்தைச் சொல்லிவிடுவதுதான் இங்கே வழக்கம். 370 ஆனால் 'நானூறு' என்று சொன்னால் மிச்சம் அவருக்கு. பத்து சதவீதம் வரை போதும்.

சனி மதியம்: குழந்தை இயேசு, கடிகாரம்

வேளாங்கண்ணிக்கும் பெங்களூரு விவேக் நகருக்கும் போய்வந்த குடும்பங்களில், கிரீடமும் அங்கியுமாக நிற்கும் குழந்தை இயேசு படம் இருக்கும். அதன் மூலச் சிலை இந்த ஊரில்தான், கார்மெலிட்ஸ்கா தெருவில் வெற்றி மாதா ஆலயத்தில். ஸ்பெயினிலிருந்து வந்த மெழுகுச் சிலை, ஒன்றரை அடி உயரம். 1628இல் கார்மேல் துறவிகளுக்குக் கொடுத்தார்கள். வலப்பக்கப் பீடத்தில் இருக்கிறது. திருவழிபாட்டுக் காலத்துக்கேற்ப உடை மாற்றுவார்கள். உலகெங்கும் இருந்து வந்த அங்கிகளை மேலே ஒரு சிறு காட்சியறையில் வைத்திருக்கிறார்கள். அலங்காரம் பார்த்தே வளர்ந்த நமக்கு அந்த அறை அந்நியமாகத் தெரியாது.

மாலையில் பழைய நகரச் சதுக்கம். வானியல் கடிகாரத்துக்கு முன் ஒவ்வொரு மணிக்கும் நூற்றுக்கணக்கானோர் போனைத் தூக்கி நிற்பார்கள். எலும்புக்கூடு கயிற்றை இழுத்து மணியடிக்கும், மேலே ஜன்னலில் அப்போஸ்தலர்கள் வரிசையாகப் போவார்கள், சேவல் ஒரு குரல் கொடுக்கும். முடிந்தது. 'இவ்வளவுதானா?' என்று கூட்டம் கலையும்.

அவர்கள் போன பிறகு கிட்டே போங்கள். 1410இல் செய்த இந்தக் கடிகாரத்தின் விஷயமே பொம்மைகளில் இல்லை, தட்டில் இருக்கிறது. நீலம் பகல், கறுப்பு இரவு, நடுவில் செம்பழுப்பு அந்திப் பொழுதுகள். தங்கச் சூரியன் அதன் மேல் ஊர்ந்து போகிறது. பன்னிரண்டு ராசிகளின் வளையம் உள்ளே சுற்றுகிறது. பாதி வெள்ளி, பாதி கறுப்பாக ஒரு சிறு உருண்டை நிலவின் பிறையைக் காட்டுகிறது. வெளிவட்டத்தில் தங்க எழுத்தில் 24 வரை எண்கள். அது பழைய பொஹீமிய (செக் நாட்டு) நேரம், சூரிய அஸ்தமனத்திலிருந்து எண்ணுவது. நாம் உதயாதி நாழிகை கணக்கிட்டோம், இவர்கள் அஸ்தமனத்திலிருந்து. அஸ்தமனம் தினமும் நகர்வதால் அந்த வட்டமும் வருடம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துகொண்டே இருக்கிறது.

பஞ்சாங்கம் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு வேடிக்கை. சூரியன் எந்த ராசியில் என்று பாருங்கள். நம் கணக்கில் மேஷப் பிரவேசம் ஏப்ரல் 14 வாக்கில்; இங்கே மார்ச் 20, 21லேயே சூரியன் மேஷத்துக்கு வந்துவிடும். கடிகாரம் தப்பில்லை. இது சாயனம், பகலும் இரவும் சமமாகும் நாளிலிருந்து ராசியை எண்ணுவது; நம்முடையது நிராயனம், நட்சத்திரங்களை வைத்து எண்ணுவது. மூன்றரை வாரத்துச் சொச்சம் வித்தியாசம். இதை என் அப்பாவுக்கு போனில் காட்டினேன். இருபது நிமிடம் தட்டை விட்டு வேறெதையும் காட்ட விடவில்லை.

ஞாயிறு: யூதர் பகுதி, அப்புறம் விஷெஹ்ராட்

ஒன்பது மணிக்கு யோசெஃபோவ். ஒரே டிக்கெட்டில் பல தொழுகைக்கூடங்கள். முதலில் பின்காஸ் தொழுகைக்கூடம். வெறும் சுவர்கள், அவற்றில் பொடி எழுத்தில் பெயர்கள்: நாஜிகள் கொன்ற சுமார் எண்பதாயிரம் செக் யூதர்கள். குடும்பப் பெயர், பெயர், பிறந்த தேதி, கடைசியாகத் தெரிந்த தேதி. குடும்பப் பெயர் ஒன்றுதான். அதன்கீழ் தேதிகள் மட்டும் மாறிக்கொண்டே போகும். இங்கே படம் எடுப்பதைக் காட்டிலும் ஒரு வரியையாவது முழுதாகப் படிப்பது நல்லது. ஆண்கள் தலையை மூட வேண்டும். வாசலில் தொப்பி கிடைக்கும்.

அதை ஒட்டியே இடுகாடு. 15ஆம் நூற்றாண்டிலிருந்து 1787 வரை இந்தச் சிறிய இடத்திலேயே புதைத்தாக வேண்டியிருந்ததால், மண் போட்டு மண் போட்டு மேல்மேலாக அடுக்கினார்கள். சில இடங்களில் பன்னிரண்டு அடுக்கு. சுமார் 12,000 கற்கள் ஒன்றோடொன்று சாய்ந்து, நெரிசல் பஸ்ஸில் நிற்பவர்கள் மாதிரி நிற்கின்றன.

வெளியே வந்து ஆற்றுப் பக்கம் இரண்டு நிமிடம் நடந்தால் யான் பாலாக் சதுக்கம். 1968 சோவியத் படையெடுப்பை எதிர்த்து 1969 ஜனவரியில் தீக்குளித்த மாணவரின் பெயர். அங்குள்ள பெரிய கட்டடம் சார்லஸ் பல்கலைக்கழகத்தின் கலைப்புலம். தமிழ் படித்தவர்கள் ஒரு நிமிடம் நின்று பார்க்கலாம்: சங்க இலக்கியத்தை மேலை உலகுக்கு எடுத்துச் சொன்ன கமில் சுவெலெபில் 1927இல் இந்த ஊரில் பிறந்து, இந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். அதே 1968 படையெடுப்புக்குப் பிறகுதான் அவரும் நாட்டை விட்டுப் போனார்.

மதியம் ரயிலுக்கு நேரமிருந்தால் சிவப்பு மெட்ரோவில் விஷெஹ்ராட். பழைய கோட்டைச் சுவர், கீழே ஆறு, கூட்டம் கிடையாது, நுழைவுக் கட்டணமும் கிடையாது. தேவாலயத்தை ஒட்டிய கல்லறைத் தோட்டத்தில் இசைமேதைகள் ஸ்மெதனா, டுவோர்ஷாக் இருவரும் இருக்கிறார்கள். 1920இல் எழுதிய நாடகத்தில் 'ரோபோ' என்ற சொல்லை உலகுக்குக் கொடுத்த காரெல் சாப்பெக்கும் இங்கேதான். 'ரொபோட்டா' என்றால் பண்ணையாருக்குக் கூலியின்றிச் செய்யும் கட்டாய வேலை. சோழர் கல்வெட்டுகளில் வரும் 'வெட்டி' மாதிரி. சொல்லை யோசித்துக் கொடுத்தவர் அவருடைய அண்ணன் யோசெஃப்.

மிச்சமிருக்கும் சில்லறையை ரயில் நிலையத்தில் தண்ணீரோ ரொட்டியோ வாங்கித் தீர்த்துவிடுங்கள். வெளிநாட்டில் கொருனா காசை யாரும் மாற்றித் தர மாட்டார்கள். டிரெஸ்டன் வழியாகத் திரும்புபவர்களுக்கு ஆறு இப்போது வலப்பக்கம். டிசம்பரில் போயிருந்தால் நான்கு மணிக்கே இருட்டிவிடும், எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் ஒன்றுதான்.